இறக்கி வைத்த ஏணி

கட்டிலில் கிடந்தபடியே வார்டு முழுவதையும் அதட்டிக்கொண்டிருப்பதாக அக்கா எழுதும் என் வீட்டுக்காரருக்கு,

நிவாரணப் படகில் வந்த தபாலோடு உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது. நாலைந்து வரிதான். "நம்ம டைவிங் ஸ்பாட் எல்லாம் என்ன கதியில இருக்கு? போய்ப் பார்த்து ஒண்ணு விடாம எழுது." நான் எப்படி இருக்கிறேன், சாப்பிட்டேனா, தூங்கினேனா, ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் கோபம் வரவில்லை. முன்பு உங்களால் பேனாவைப் பிடிக்கவே முடியவில்லை. இப்போது எழுத்துகள் வரிசையில் நிற்கின்றன. அது போதும் எனக்கு.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நன்றாக இருக்கிறேன். பின்சுவர் விரிசல் விட்டதால் படுக்கை, சமையல் எல்லாம் முன்னறையில்தான். மேஜை மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறேன், குடிப்பதற்கில்லை. தரை அதிர்கிறதா, எனக்குத்தான் தலை சுற்றுகிறதா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். பெரும்பாலும் டம்ளர் அசையாமல்தான் இருக்கிறது. அசைவது நான்தான்.

நம் டைவிங் கடைக்குள் இடுப்பளவு சேறு. சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்ட மெக்கானிக், "அக்கா, இது பொழைக்கும், ஆனா பழைய மாதிரி மூச்சு விடாது" என்றார். உங்களைப் பற்றி டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அங்கே அழாதவள் இங்கே கம்ப்ரஸர் முன்னால் நின்று அழுதேன். மெக்கானிக் பயந்துபோய்க் கூலியே கேட்காமல் கிளம்பிவிட்டார்.

டைவிங் உடைகளைச் சேற்றிலிருந்து எடுத்து அலசிக் கொடியில் மாட்டினேன். அதுதான் வினையாகப் போயிற்று. கறுப்பு உடம்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. காற்றடித்தால் கை அசைக்கின்றன. சமைக்கும்போது ஓரக்கண்ணில் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கழுத்தே வலிக்கிறது. முதுகைக் காட்டட்டும் என்று எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். இப்போது கோபித்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கிறது.

சரி, உங்கள் ஸ்பாட்டுக்கு வருகிறேன். 'பாலர் வகுப்பு' போய்விட்டது. போய்விட்டது என்றால் எங்கும் போகவில்லை, மேலே வந்துவிட்டது. நீங்கள் புதிதாக வருகிறவர்களை முதன்முதலில் முட்டிபோட வைத்து மூச்சுவிடக் கற்றுக்கொடுத்த அந்தத் திட்டு இப்போது வெயிலில் கிடக்கிறது. பூமி அதிர்ந்தபோது இந்தப் பக்கத்துக் கரை ஓர் ஆள் உயரம் எழும்பிவிட்டதாம். பேரலை வந்து திரும்பிய பிறகு கடல் பழைய இடத்துக்கு வரவே இல்லை. இறங்குதுறையின் கால்கள் மணலில் நிற்கின்றன. அதன் கடைசிப் படியிலிருந்து கீழே குதித்தால் முழங்கால்தான் உடையும்.

கணுக்காலுக்கு மேல் நனையாதவள் என்று என்னை எத்தனை பேரிடம் கேலி செய்திருக்கிறீர்கள்! நேற்று நான் அங்கே நடந்துபோனேன். உங்கள் கடலை நான் செருப்புக் காலோடு பார்த்தேன்.

முதல் வாரங்களில் நாற்றம் ஊரையே தூக்கியதாம். நான் அப்போது உங்களோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது நாற்றம் அடங்கி எல்லாம் வெளுத்துவிட்டது. மான்கொம்பு மாதிரி இருக்கும் என்பீர்களே, அந்தப் பவளங்களெல்லாம் காலடியில் பீங்கான் உடைவதுபோல நொறுங்குகின்றன. எங்கே கால் வைத்தாலும் எதையாவது மிதிக்க வேண்டியிருக்கிறது. பள்ளங்களில் மீதமிருக்கிற தண்ணீரில் சுண்டுவிரல் மீன்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. கடல் இருக்கும் திசை அவற்றுக்குத் தெரியவில்லை. வாளியில் அள்ளிக் கொண்டுபோய்க் கடலில் விட்டேன். மறுபடி வந்தபோது அந்தப் பள்ளமே காய்ந்திருந்தது.

மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு உருண்டை இருக்குமே, யாராவது தொட்டால் கையில் அடிப்பீர்களே, அதைக் கண்டுபிடித்துவிட்டேன். அதன்மேல் கை வைத்தேன். வெயிலில் சுட்டது. அடிக்க யாருமில்லை.

உங்கள் படகோட்டி கொக்கைப் பற்றித் தகவல் ஏதும் இல்லை. வடக்கே ஏதோ துறைமுகத்தில் தாடியை மழித்துக்கொண்டு நின்றதை யாரோ பார்த்ததாக ஒரு பேச்சு. நம் படகைப் பற்றியும் பேச்சு மூச்சு இல்லை. இதற்கு மேல் எழுதினால் நீங்கள் பல்லைக் கடிப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நர்ஸம்மாவைத் திட்டாதீர்கள், அந்தப் பெண்ணுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

உங்கள் கால் விரல்கள் அசையும் செய்திக்காகக் காத்திருக்கும்,
கடைக்காரி

*

நாலு வரிக்கு மேல் எழுதத் தெரியும் என்று நிரூபித்துவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

கட்டை விரல் அசைந்ததைப் படித்துவிட்டு இரண்டு வீடு தள்ளிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் நன்றாக அசையட்டும். அசைந்து என்னை உதைக்கிற அளவுக்கு வந்தால்கூடப் பரவாயில்லை.

ஆனால் கடிதத்தின் பின்பாதி என்னை உலுக்கிவிட்டது. கண்ணை மூடினால் அந்த என்ஜின் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே மண் கலங்கி ஒன்றும் தெரியாமல் நிற்கும்போது தலைக்கு மேலே படகு உறுமிக்கொண்டு கிளம்பிய சத்தம். பிறகு நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது, உங்களோடு டைவிங் வந்து மூச்சு முட்டிய அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்தபடி ஒரே வேகத்தில் மேலே வந்தது, கண்ணுக்கு எட்டிய வரை படகு இல்லாதது. ஆழத்திலிருந்து அப்படி வேகமாக வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக் கை கால் முடங்கும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற நீங்கள், தெரிந்தேதான் வந்திருக்கிறீர்கள். "அவன் இருந்திருந்தா ஆக்ஸிஜன் குடுத்திருப்பான், எனக்கு கால் போயிருக்காது. கூடப் பொறந்தவன் மாதிரி வெச்சிருந்தேன்" என்ற வரியில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

இங்கே ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். கடல் ஆராய்ச்சித் துறை அனுப்பியவர். பவளப்பாறைகளைப் பார்த்து எதை மூட வேண்டும், எதைத் திறக்கலாம் என்று சொல்வாராம். டாக்டர் என்று கேள்விப்பட்டதும் ஊரே இருமலோடும் மூட்டுவலியோடும் வரிசையில் நின்றது. "நான் பாறைக்குத்தான்மா டாக்டர், பல்லைக் காட்டாதீங்க" என்று சிரித்துச் சிரித்தே எல்லாரையும் திருப்பி அனுப்பினார். ஸ்பாட்டுகள் எங்கே இருக்கின்றன என்று வழிகாட்ட ஆள் கேட்டார். உங்கள் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைச் சேறு தின்றுவிட்டது. ஆனால் இத்தனை வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் காட்டிச் சொன்னவள் நான். எந்தத் தென்னைக்கு நேராக எந்தப் பாறை என்பது எனக்கு மனப்பாடம். தென்னை இல்லாத இடங்களில் கொஞ்சம் திணறினேன். ஒரு மீனவரின் படகில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், நானும் போனேன்.

'மாமியார் வீட்'டில் நிறுத்தினோம். பொந்துக்குள்ளிருந்து தலையை நீட்டி வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைக்கும் விலாங்கு இருப்பதால் நீங்கள் வைத்த பெயர். நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் அம்மாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயப்படுவேன். டாக்டரம்மா இறங்கி வெகுநேரம் கழித்து வந்தார். மேஜை போலப் பரந்திருந்த பவளங்கள் தலைகுப்புறக் கிடக்கின்றனவாம். பள்ளத்தை மணல் மூடிவிட்டதாம். உடைந்த துண்டுகள்மேல் பாசி படர்ந்து, கம்பளி போர்த்திய மாதிரி இருக்கிறதாம். விலாங்கு இல்லை. பொந்தே இல்லை.

"ஒரு தடவை நீங்களும் பாருங்க" என்று மாஸ்க்கை என்னிடம் நீட்டினார். மாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு உங்களை நினைத்துக்கொண்டு படகின் விளிம்பில் குப்புறப் படுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். முதலில் என் மூச்சுச் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருக்கும் பாறை, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம் போடும் என்று சொல்வீர்களே, அதற்காகக் காத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. சாவு விழுந்த வீட்டில் எல்லாரும் எழுந்து போன பிறகு ஒரு அமைதி இருக்கும், அதுதான் இருந்தது. தலையை எடுத்த பிறகும் காதுக்குள் அது போகவில்லை.

சத்தம் எங்கே போனது என்று கேட்டேன். "சத்தம் போடுறதெல்லாம் சின்னச் சின்ன இறாலுங்கம்மா. வீடு போச்சுன்னா அதுங்களும் போயிடும்" என்றார்.

திரும்பி வந்தபோது கொக்கின் மனைவி இறங்குதுறையின் நுனியில் நின்றுகொண்டிருந்தாள். தினமும் நிற்கிறாளாம். கீழே தண்ணீர்கூட இல்லை, மணலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் பேசாமல் கடந்துபோகத்தான் நினைத்தேன். அவளே வந்து, "அண்ணி, அண்ணனுக்குக் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். என் புருஷன் தன் புருஷனை ஓடுகாலி என்று அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தது அவளுக்குத் தெரியும். அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் ஓடிப்போனவன் மகள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை. அப்படியிருந்தும் உங்கள் காலைத்தான் முதலில் விசாரித்தாள்.

கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களை வெட்டி, துறை முகப்பில் ஒரு கல் நிறுத்தப்போகிறார்கள். அதில் கொக்கின் பெயர் கிடையாது. ஊர்க் கமிட்டிச் செயலாளர், "உசுரோட ஓடினவன் பேரு எதுக்கும்மா?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போதும் அவள் அழவில்லை. "அவரு ஓடுற ஆளு இல்ல அண்ணி" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் காதால் கேட்டது ஒரு பக்கம், அவள் முகம் ஒரு பக்கம்.

இன்னும் 'மணிக்கூண்டு' பாக்கி. நீங்கள் அன்று இறங்கிய இடம். காற்று அடங்கினால் போவோம். படகு கட்டும் மிதவையைக் காணவில்லை, இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எழுந்து உட்காரும்போது தலை சுற்றினால் பிடிவாதம் பிடிக்காமல் படுத்துவிடுங்கள்.

தண்ணீருக்குள் முகம் வைத்துவிட்டதால் இனி கேலிக்கு ஆளாக முடியாத,
உங்கள் கடைக்காரி

*

என் பிரியமான உங்களுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். அக்கா பக்கத்தில் இருக்கட்டும். கெட்ட செய்தியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மணிக்கூண்டுக்குப் போய்விட்டு வந்தோம். முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கோபுரம் மாதிரி நின்ற பாறையின் மேல்பகுதி முறிந்து சரிவில் கிடக்கிறது. விசிறிப் பவளங்கள் ஒன்றுகூட இல்லை. ஆனால் அடிப்பகுதி அப்படியே இருக்கிறதாம். ஆழம் காப்பாற்றிவிட்டது என்றார் டாக்டரம்மா. மீன்கள் இருக்கின்றன. பாறையின் பின்பக்கம் உயிரோடு இருக்கிறது.

அவர் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மேலே வந்து, மாஸ்க்கைக் கழற்றாமலேயே, "உங்க படகு என்ன நிறம்?" என்று கேட்டார். மேலே நீலம், அடியில் சிவப்பு என்றேன். அவர் மறுபடி இறங்கினார்.

படகு அங்கேதான் இருக்கிறது. பாறைக்குப் பக்கத்து மணலில், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. மூக்கில் மிதவைக் கயிறு கட்டியே இருக்கிறது. மிதவை படகின் அடியில் சிக்கி நசுங்கிக் கிடக்கிறது, அதனால்தான் மேலே யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கயிறோடு சேர்த்து இன்னொரு கயிறும் கட்டியிருக்கிறது. பெட்டிக்குள் கிடக்கும் அந்த மஞ்சள் கயிறு. அதிர்வு வந்த பிறகு, படகு நகர்ந்துவிடக் கூடாது என்று கொக்கு இரண்டாவது கட்டும் போட்டிருக்கிறான். கத்தி உறையிலேயே இருக்கிறது. கயிற்றை ஒரு வெட்டு வெட்டியிருந்தால் படகு அலையோடு ஏறி இறங்கித் தப்பியிருக்கும் என்று எங்களைக் கூட்டிப்போன மீனவர் சொன்னார். கட்டிப் போட்டதால் கயிறு மூக்கைக் கீழே இழுத்து மூழ்கடித்துவிட்டது. அது கொக்குக்குத் தெரியாதா? கடலிலேயே வளர்ந்தவனுக்கு? அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதானே நீங்கள் மேலே வருவீர்கள்.

ஏணி இறக்கியிருக்கிறது. கிளம்புகிற படகில் ஏணியை யாரும் இறக்கி வைப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. என்ஜின் தூக்கி மாட்டியபடி இருக்கிறது. விசிறி தண்ணீருக்கு வெளியே இருக்கிற நிலையில், கொக்கி போட்டபடி. அன்று அது ஓடவே இல்லை. நீங்கள் கேட்ட சத்தத்தைப் பற்றி டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "பூமி உறுமுறது தண்ணிக்குள்ள அச்சு அசல் படகு என்ஜின் மாதிரிதாம்மா கேக்கும். எங்க ஆளுங்களே ஏமாந்திருக்காங்க. அவரு கேட்டது பொய் இல்ல. கேட்டது படகு இல்ல, அவ்வளவுதான்."

நீங்கள் மேலே வந்தபோது படகு இல்லை என்பது உண்மை. அவன் விட்டுவிட்டுப் போனான் என்பதுதான் உண்மை இல்லை. ராத்திரியில் உங்களை எழுப்புகிற அந்தச் சத்தத்தில் அவன் இல்லவே இல்லை.

நான் இதை மறைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். உங்கள் உடம்பு இப்போதுதான் தேறுகிறது. ஆனால் நீங்கள் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் எழுந்து உட்கார்ந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிடியை நான் பிடுங்குகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள், என்னைப் பிடித்துக்கொண்டாவது.

கொக்கு அங்கே இல்லை. டாக்டரம்மா சுற்றிலும் பார்த்தார். படகில் அவனுடைய தண்ணீர்ப் பாட்டில் மட்டும் இருக்கைக்கு அடியில் மாட்டியிருந்தது. அதை எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சரியா தவறா தெரியவில்லை.

கரைக்கு வந்து கொக்கின் மனைவியிடம் சொன்னேன். நிற்க முடியாமல் விழுவாள் என்று பயந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள், "நான் பாக்கணும் அண்ணி" என்றாள். மறுநாள் காலை அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவளுக்கு மாஸ்க்கை மாட்டிவிட்டு, விளிம்பில் படுக்க வைத்து, இடுப்பை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நீந்தத் தெரியாத ஒருத்தியை நீந்தத் தெரியாத இன்னொருத்தி பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தண்ணீருக்குள் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சுக்குத் தலையைத் தூக்குவாள், மறுபடி பார்ப்பாள். எனக்குக் கை மரத்துப்போயிற்று.

கடைசியில் நிமிர்ந்தவள், "ஏணி போட்டு வெச்சிருக்காரு" என்றாள். மாஸ்க்கை அலசி, தண்ணீரை உதறி, டாக்டரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். கரைக்கு வருகிற வழியெல்லாம் என் கையை விடவே இல்லை.

அங்கிருந்து கிளம்புவதற்கு முன்னால் நானும் ஒருமுறை குனிந்து பார்த்திருந்தேன். நீலத்துக்குள் நீலமாக, மங்கலாக, யாருக்கோ காத்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது படகு. மீன்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் அது அப்படியே கீழே இருக்கிறது என்ற நினைப்பு என்னை விடமாட்டேன் என்கிறது.

கமிட்டிச் செயலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். டாக்டரம்மாவும் வந்தார். செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா உங்க வீட்டுக்காரரு கைப்பட எழுதிக் குடுத்தது அதிகாரிங்க கிட்ட இருக்கு. அவரே மாத்தி எழுதினாத்தான் செல்லும்" என்றார். எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து போனது. திரும்பவும் உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும்.

கல் வெட்டுகிறவர் கீழே கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அதிகாரிகளுக்கு எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், உங்களுக்கு வழக்கமான நாலு வரி போதும். என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதீர்கள், அதை நான் சொல்லிக் கொடுத்து எழுதக் கூடாது. உறையின் மேல் அந்தக் குழந்தையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நேற்று நான் போனபோது என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா எங்களுக்கு எழுதுவாங்களா பெரியம்மா?" என்று கேட்டாள். எழுதுவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரில் நான் இதுவரை எதுவும் சொன்னதில்லை.

உங்களுக்குக் கால் வரும். மெதுவாக வரட்டும். நீங்கள் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும், வரும்போது இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்து வர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தபால்காரர் மதியத்தில் வருகிறார். கொக்கின் வீட்டு வாசல் நம் ஜன்னலிலிருந்து தெரியும். நாளையிலிருந்து நான் அந்த ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மனைவி